பதிவில்லாதவரின் மெயில் குப்பையல்ல

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுகளில் யாரும் கேள்வி கேட்காமல் பின்பற்றும் விதி ஒன்று இருக்கிறது. ஹெல்ப் டெஸ்க் மென்பொருளில் முகவரி பதிவாகியிருப்பவர் மெயில் அனுப்பினால் அது டிக்கெட் ஆகும், அதாவது எண்ணிட்ட புகாராகப் பதிவாகும். பதிவாகாதவர் அனுப்பினால் ஆகாது. ‘உங்கள் மின்னஞ்சல் முகவரி எங்களிடம் இல்லை, பதிவு செய்த முகவரியிலிருந்து எழுதவும்’ என்று அவருக்கு ஒரு தானியங்கிப் பதில் போகும். பல இடங்களில் அதுவும் போகாது. இதற்கு மூன்று காரணங்கள் சொல்வார்கள்: ஸ்பாம் குறையும், பாதுகாப்பு கூடும், வேலை ஒழுங்காக நடக்கும். கேட்பதற்கு மூன்றும் நியாயமாகத்தான் இருக்கின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒன்றும் நிற்பதில்லை. பதிவில்லாதவரின் மெயிலையும் வாங்க வேண்டும், அதை ஒரு மனிதர் படிக்க வேண்டும், பதில் தர வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் இந்தப் பதிவில்லாதவர் யார்? விதி வகுப்பவரின் மனக்கண்ணில் நிற்பவன் லாட்டரிப் பரிசு மெயில் அனுப்பும் மோசடிக்காரன். உதவி கேட்டு எழுதும் முகம் தெரியாதவர்களின் வரிசை அவனோடு முடிந்துவிடுவதில்லை.

பதிவு செய்ய முயன்று முடியாமல் போனவர் அதில் இருக்கிறார். ஓடிபி வரவில்லை, பணம் மட்டும் போய்விட்டது, கணக்கு உருவாகவில்லை. ‘என்னால் பதிய முடியவில்லை’ என்பதே அவருடைய புகார். அவரிடம் ‘பதிந்துவிட்டு எழுதுங்கள்’ என்று சொன்னால் அவர் எங்கே போவார்? முன்பு வேலை பார்த்த இடத்தின் முகவரியில் பதிந்து, வேலை மாறிய பிறகு சொந்த முகவரியிலிருந்து எழுதுபவர் இருக்கிறார். பெயருக்கும் இனிஷியலுக்கும் நடுவே புள்ளி வைத்துப் பதிந்துவிட்டு, இப்போது புள்ளியில்லாமல் எழுதுபவரும் இருக்கிறார். ஜிமெயில் அந்தப் புள்ளியைக் கணக்கில் கொள்வதில்லை; இரண்டும் ஒரே பெட்டிதான். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் மென்பொருளுக்கு அவர் இரண்டு ஆட்களாகிவிடுகிறார். நிறுவனங்களுக்குச் சேவை விற்கும் நிறுவனங்களில் இது இன்னும் மோசம். ஒப்பந்தம் போட்ட காலத்துக் கணக்காளரின் பெயர்தான் பதிவில் இருக்கும். அவர் விலகிப்போய்ப் புதியவர் வந்திருப்பார். பில்லில் தவறு இருக்கிறது என்று எழுதுபவர் அந்தப் புதியவர்.

வாங்குபவர் ஒருவர், பயன்படுத்துபவர் இன்னொருவர் என்பது நம் வீடுகளில் அன்றாடம் நடப்பது. பெங்களூரில் இருக்கும் மகள் தன் கணக்கில் மிக்ஸி வாங்கித் திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்புகிறாள். மிக்ஸி ஓடவில்லை என்று எழுதுபவர் அம்மா, அல்லது அம்மாவுக்காக எதிர்வீட்டுப் பையன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. பொருளை வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்று அதன் வரையறைப் பிரிவே சொல்கிறது. சட்டம் நுகர்வோர் என்று ஏற்றுக்கொண்டவரை ஒரு முகவரிப் பட்டியல் ‘இல்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறது.

இவர்கள் எல்லோரையும்விட என்னை அதிகம் உறுத்துபவர் ஒருவர் உண்டு: கணக்கைத் திருட்டுக் கொடுத்தவர். ஒருவருடைய கணக்குக்குள் நுழையும் திருடன் வழக்கமாக முதலில் செய்யும் காரியம், அதில் இருக்கும் மெயில் முகவரியை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைப்பதுதான். அந்த நொடியில் கணக்கின் உண்மையான சொந்தக்காரர் பதிவில்லாதவர் ஆகிவிடுகிறார். திருடன் பதிவு செய்த வாடிக்கையாளர் ஆகிவிடுகிறான். சொந்தக்காரர் பதறிப்போய் எழுதும் மெயில் நிராகரிக்கப்படும். திருடன் எழுதினால் டிக்கெட் எண்ணோடு பதில் போகும். பாதுகாப்புக்காக என்று வைத்த விதி, மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் யார் பக்கம் நிற்கிறது என்பதை இந்த ஒரு நிலையே காட்டிவிடுகிறது.

பாதுகாப்பு என்ற காரணத்தை இன்னும் கொஞ்சம் துருவிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விவாதத்தை முடித்துவைக்க எடுத்து வீசப்படும் சொல் அதுதான். மின்னஞ்சலின் அடிப்படை நெறிமுறையான எஸ்எம்டிபி 1982-இல் வகுக்கப்பட்டபோது, அனுப்புநர் என்று எழுதியிருப்பவர்தான் அனுப்பினாரா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. அனுப்புநர் இடத்தில் எந்த முகவரியை வேண்டுமானாலும் எழுதலாம். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற சரிபார்ப்பு முறைகள் எல்லாம் பிற்காலத்தில் சேர்ந்தவை. டிமார்க் 2015-இல்தான் ஆர்எஃப்சி என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளிவந்தது. மொத்தமாக மெயில் அனுப்புவோரிடம் ஜிமெயிலும் யாஹூவும் அதைக் கட்டாயமாகக் கேட்கத் தொடங்கியது 2024-இல். பதிவுப் பட்டியலோடு ஒப்பிடும் விதி இவற்றில் எதையும் செய்வதில்லை. அனுப்புநர் இடத்தில் எழுதியிருப்பது பட்டியலில் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. ஏமாற்ற நினைப்பவன் பட்டியலில் இருக்கும் ஒருவரின் முகவரியை எழுதினால் போதும். நல்லவனுக்கு மட்டும் தடையாக இருக்கும் ஒன்றைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ-யின் இணையக் குற்றப் புகார் மையம், அலுவலக மெயிலை ஏமாற்றிப் பணம் பறிக்கும் மோசடிகளில் 2023-இல் மட்டும் ஏறத்தாழ 290 கோடி டாலர் போனதாகக் கணக்குக் காட்டியது. அந்த வகை மோசடியின் சாரமே, தெரிந்தவரின் பெயரில் வருவதுதான். மேலாளர் பெயரில், பழைய சப்ளையர் பெயரில், சில நேரம் அவர்களுடைய உண்மையான கணக்கிலிருந்தே வருகிறது. முகம் தெரியாதவரைக் கண்டால் எச்சரிக்கை தானாக வரும். பட்டியலில் இருப்பவர் என்று பச்சை அடையாளம் காட்டும்போதுதான் ஹெல்ப் டெஸ்கில் பதில் எழுதும் ஏஜென்ட் அசந்துபோகிறார்.

எதிர்வாதம் செய்பவர்கள் 2017-இல் வெளிவந்த ‘டிக்கெட் ட்ரிக்’ என்ற ஓட்டையை எடுத்துக்காட்டுவது உண்டு. பெல்ஜியத்தைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடித்தது அது. தங்கள் டொமைனில் மெயில் முகவரி வைத்திருக்கும் எவரும் உள்ளே வரலாம் என்று பல நிறுவனங்கள் ஸ்லாக் என்ற அலுவலக உரையாடல் செயலியில் அனுமதி கொடுத்திருந்தன. உதவி மையத்தின் மெயில் முகவரியும் அதே டொமைன்தான். அந்த முகவரியைக் கொடுத்து ஸ்லாக்கில் சேரக் கேட்டால், ஸ்லாக் உறுதிப்படுத்தும் மெயிலை உதவி மையத்துக்கு அனுப்பும். அது அங்கே டிக்கெட் ஆகிவிடும்; அதைப் படிக்க முடிந்தவர் நிறுவனத்தின் ஸ்லாக்குக்குள் நுழைந்துவிடலாம். வெளியிலிருந்து வந்த மெயிலை வாங்கியதால்தானே இத்தனையும் நடந்தது என்பது அவர்கள் கேள்வி.

நடந்ததை முழுக்கப் பார்த்தால் கதை திரும்புகிறது. டிக்கெட் ஆகிவிட்ட மெயிலை அந்த ஆய்வாளர் எப்படிப் படித்தார்? ஸ்லாக் மெயில் அனுப்பும் முகவரி தன்னுடையது என்று சொல்லி, உதவி மையத்தின் போர்ட்டலில் முன்கூட்டியே ஒரு வாடிக்கையாளர் கணக்கைத் தொடங்கியிருந்தார். முகவரி அவருடையதுதானா என்று போர்ட்டல் சரிபார்க்கவில்லை. ஸ்லாக்கின் மெயில் வந்ததும், ‘பதிவு செய்த வாடிக்கையாளர் அனுப்பியது’ என்று மென்பொருள் அதை அவர் கணக்கில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர் உள்ளே போய்ப் படித்தார். அதாவது அந்த மெயில் வந்தது பதிவான முகவரியிலிருந்து. பதிவில்லாதவரைத் தடுக்கும் விதி அங்கே இருந்திருந்தால் அதைத் தடுத்திருக்காது. மரியாதையோடு உள்ளே விட்டிருக்கும். பிறகு ஸ்லாக் தன் அனுப்புநர் முகவரியில் ஊகிக்க முடியாத எழுத்துகளைச் சேர்த்தது. இந்த ஓட்டை காட்டும் பாடம், சரிபார்க்காத பதிவை நம்பாதே என்பது. அதைப் பதிவு விதிக்கே சாட்சியாக நிறுத்துவது தலைகீழ் வாசிப்பு.

நான் எடையோடு எடுத்துக்கொள்ளும் எதிர்வாதம் ஒன்று உண்டு. 2025 அக்டோபரில், பாதுகாப்புத் துறைப் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் தன் இன்பாக்ஸில் நடந்த ஒரு தாக்குதலைப் பற்றி எழுதினார். ஜென்டெஸ்க் என்ற ஹெல்ப் டெஸ்க் மென்பொருளைப் பயன்படுத்தும் பல பெயர்பெற்ற நிறுவனங்களுக்கு அவர் முகவரியைக் கொடுத்து யாரோ டிக்கெட் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு நிறுவனமும் ‘உங்கள் கோரிக்கை கிடைத்தது’ என்று அவருக்கே மெயில் அனுப்பியது. டிக்கெட்டின் தலைப்பில் தாக்குபவன் எழுதிய மிரட்டல் வாசகம் அப்படியே அந்த நிறுவனத்தின் பெயரில் போய்ச் சேர்ந்தது. இது உண்மையான தீங்கு, இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் தீங்கு பிறந்தது மெயிலை வாங்கியதில் இல்லை, யார் என்று உறுதியாகாத ஒருவருக்கு, வந்த வாசகத்தையே திருப்பி ஒப்பித்துத் தானியங்கிப் பதில் அனுப்பியதில். ‘நீங்கள் பதிவு செய்யவில்லை, பதிந்துவிட்டு எழுதுங்கள்’ என்ற நிராகரிப்பும் ஒரு தானியங்கிப் பதில்தானே? அதுவும் அதே அப்பாவியின் பெட்டியில்தான் போய் விழும். விதி வைத்திருப்பவரும் அந்தத் தாக்குதலுக்குக் கருவியாகவே இருப்பார்.

தானியங்கிப் பதில்களை எப்படி அனுப்ப வேண்டும் என்பதற்கான பரிந்துரை 2004-லேயே ஆர்எஃப்சி 3834 என்ற ஆவணமாக வந்துவிட்டது. ஒரே முகவரிக்கு மீண்டும் மீண்டும் அனுப்பாதே, தானியங்கியாக வந்த மெயிலுக்குத் தானியங்கியாகப் பதில் போடாதே என்றெல்லாம் அது சொல்கிறது. ஒப்புதல் மெயிலில், எழுதி அனுப்பியவரின் தலைப்பையோ வாசகத்தையோ சேர்க்காமல், டிக்கெட் எண்ணை மட்டும் கொடுத்து, முகவரிக்கு ஒன்று என்று எல்லை வைத்தால் இந்தத் தாக்குதலின் வீரியம் அடங்கிவிடும். வாங்குவதை நிறுத்தத் தேவையில்லை.

பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது. மெயிலை வாங்குவது ஒரு வேலை. எழுதியவர் யார் என்று உறுதி செய்வது இரண்டாவது வேலை. அவருக்கு எதைச் சொல்லலாம் என்று முடிவெடுப்பது மூன்றாவது. பதிவு விதி மூன்றையும் ஒன்றாகக் கட்டி வாசலிலேயே வைத்துவிடுகிறது. வங்கியில் விசாரணைக் கவுன்ட்டருக்கு யாரும் போகலாம், லாக்கர் அறைக்குள் நுழைய மட்டும் கையெழுத்தும் சாவியும் கேட்பார்கள். ஹெல்ப் டெஸ்கிலும் அடையாளம் கேட்க வேண்டிய இடம் பதில் வெளியே போகும் இடம். கணக்கு இருப்பைச் சொல்ல, ஆர்டர் முகவரியை மாற்ற, பணத்தைத் திருப்பித் தர அடையாளம் வேண்டும். ‘சர்வர் வேலை செய்யவில்லையா?’, ‘ரீஃபண்ட் எத்தனை நாளில் வரும்?’, ‘உங்கள் டெலிவரி வண்டி எங்கள் வீட்டுக் கேட்டை இடித்துவிட்டது’ என்பவற்றுக்கெல்லாம் எதற்கு அடையாளம்?

ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் போகும் வழியும் இதுதான். அந்தரங்கத்தைக் காப்பதில் அதைவிடக் கறார் காட்டும் சட்டங்கள் உலகில் குறைவு. தன்னைப் பற்றிய தகவலைக் கேட்டு ஒருவர் எழுதினால், அவர் யார் என்பதில் நியாயமான ஐயம் இருக்கும்போது உறுதி செய்யத் தேவையான கூடுதல் விவரம் கேட்கலாம் என்று அதன் 12-ஆம் பிரிவு சொல்கிறது. ஐயம் இருக்கிறது என்பதற்காகக் கோரிக்கையைப் படிக்காமலே தூக்கிப்போடும் உரிமையை அது தரவில்லை.

இந்தியச் சட்டங்களும் புகாரின் பக்கமே நிற்கின்றன. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறைதீர் அலுவலர் எந்த நுகர்வோர் புகாரையும் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் ‘பயனர் அல்லது பாதிக்கப்பட்டவர்’ புகார் தரலாம் என்கின்றன. பாதிக்கப்பட்டவருக்கு அந்தத் தளத்தில் கணக்கே இருக்க வேண்டியதில்லை. தன் படத்தை யாரோ ஒரு தளத்தில் ஏற்றிவிட்டார்கள் என்று அழுதுகொண்டு எழுதும் பெண், அந்தத் தளத்தில் ஒரு நாளும் பதிந்திருக்கமாட்டார்.

வங்கிகளைப் பற்றி ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையை, உதவி மையம் நடத்தும் ஒவ்வொருவரும் ஒருமுறை படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல், வெளியே எங்கோ நடந்த மோசடியில் பணம் போயிருந்தால், தகவல் வந்த மூன்று வேலை நாள்களுக்குள் வாடிக்கையாளர் வங்கியிடம் சொல்லிவிட்டால் அவருக்கு ஒரு ரூபாய்கூட இழப்பில்லை என்றது அது. நான்கு முதல் ஏழு வேலை நாள் என்றால் ஒரு வரம்பு வரை இழப்பு அவர் தலையில். அதற்கும் பிந்தினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படிதான். ஆகவே புகார் எந்த நாளில் போய்ச் சேர்ந்தது என்பது பணத்தின் தலைவிதி. இதனால்தான் அந்தச் சுற்றறிக்கை, எச்சரிக்கையாக வரும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மெயிலுக்கும் ‘ரிப்ளை’ கொடுத்தே ஆட்சேபம் தெரிவிக்க வசதி வேண்டும், அதற்காக வாடிக்கையாளர் ஒரு வலைப்பக்கத்தையோ மெயில் முகவரியையோ தேடி அலையக் கூடாது என்கிறது. புகார் எண்ணோடு உடனே பதில் போக வேண்டும் என்றும் சொல்கிறது. வாடிக்கையாளர் எச்சரிக்கை பெறப் பதிந்திருக்க வேண்டும் என்று சொல்வதும் அதே சுற்றறிக்கைதான். அங்கே பதிவு என்பது வங்கி வாடிக்கையாளரைத் தேடிப் போவதற்கான வழி. அதையே அவர் வங்கிக்கு எழுதவிடாமல் தடுக்கும் பூட்டாக மாற்றுவது, அந்தச் சுற்றறிக்கையின் நோக்கத்துக்கு நேர் எதிரானது.

ஸ்பாம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஸ்பாமைப் பிடிக்க வடிகட்டிகள் இருக்கின்றன. அவை வாசகத்தையும் இணைப்புகளையும் அனுப்பிய சர்வரையும் பார்த்து முடிவெடுக்கின்றன. அவற்றைத் தாண்டி வரும் சிலவற்றை நீக்க ஓர் ஏஜென்டுக்குச் சில நிமிடம் ஆகும். அந்தச் சில நிமிடத்தை மிச்சப்படுத்த உண்மையான புகார்களைப் பலி கொடுப்பது எந்தக் கணக்கிலும் கட்டாது. செலவு கூடும் என்பதும் சரியல்ல. ஃப்ரெஷ்டெஸ்க், ஸோஹோ டெஸ்க், ஜென்டெஸ்க் எல்லாம் ஏஜென்டின் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகின்றன. எழுதும் வாடிக்கையாளரின் தலையை எண்ணுவதில்லை.

ஒழுங்கு என்ற மூன்றாவது காரணம்தான் உள்ளபடி மேலாளர்களைக் கட்டிப்போட்டிருக்கிறது. திரையில் தெரியும் டாஷ்போர்டை நினைத்துப் பாருங்கள். முதல் பதிலுக்கு ஆன நேரம், எஸ்எல்ஏ எனப்படும் ஒப்புக்கொண்ட சேவை எல்லையின் மீறல், நிலுவையில் உள்ள டிக்கெட், வாடிக்கையாளர் திருப்தி மதிப்பெண். இவை எல்லாமே டிக்கெட் ஆனவற்றிலிருந்து மட்டும் பிறக்கும் எண்கள். வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட மெயிலுக்கு நேரம் ஓடத் தொடங்குவதே இல்லை, ஆகவே அது தாமதம் ஆகாது. நிலுவையும் ஆகாது. திருப்தியைக் கேட்கும் கருத்துக்கணிப்பு, டிக்கெட் முடித்துவைக்கப்பட்டவர்களுக்குத்தான் போகிறது. மிகவும் மனம் நொந்துபோனவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அதனால் இந்த விதியைக் கொண்டுவந்த மாதம் எண்கள் எல்லாம் பச்சையாக மாறும். விதி வேலை செய்கிறது என்று மேலிடத்துக்கு அறிக்கை போகும். உள்ளே நடந்திருப்பது ஒன்றுதான்: கடினமான புகார்கள் கணக்கிலிருந்து வெளியே தள்ளப்பட்டிருக்கின்றன. ஓர் எண்ணை நல்லதாக்க அதை எண்ணும் வரம்பைச் சுருக்குவது, சேவையின் பெயரால் நடக்கும் ஏமாற்று. அதை வேண்டுமென்று செய்யாதவர்கள்கூட அதன் பலனை வாங்கிக்கொள்கிறார்கள்.

சத்தமில்லாமல் ஒதுக்குவது நிராகரிப்பதைவிடக் கொடியது. ரெட்மைன் என்ற திறமூல மென்பொருளில், தெரியாதவரின் மெயிலை என்ன செய்வது என்று ஓர் அமைப்பு உண்டு. புறக்கணிக்கலாம், பெயரிலியாக ஏற்கலாம், புதுக் கணக்கு உருவாக்கலாம். நாம் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் அது புறக்கணிக்கும். எழுதியவரைப் பொறுத்தவரை மெயில் போய்ச் சேர்ந்துவிட்டது, திரும்பி வரவில்லை. அவர் காத்திருப்பார். மின்னஞ்சல் நெறிமுறையே, ஒரு சர்வர் மெயிலைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட்டால் அதைச் சேர்ப்பது அந்த சர்வரின் பொறுப்பு என்கிறது. இயந்திரங்களுக்கு இடையே இருக்கும் இந்தக் குறைந்தபட்ச நாணயம் நிறுவனத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே இருக்கக் கூடாதா?

இன்னொரு கோடிக்குப் போய், எழுதுகிறவர் எல்லோருக்கும் தானாகவே லாகினும் பாஸ்வேர்டும் உருவாக்கித் தருவதையும் நான் ஏற்கமாட்டேன். டிக்கெட் ட்ரிக் போன்ற ஓட்டைகளுக்கு உரம் போடுவது அதுதான். வந்த மெயிலை, உறுதி செய்யப்படாத தொடர்பு என்ற அடையாளத்தோடு டிக்கெட் ஆக்க வேண்டும். டிமார்க் சோதனையில் தேறியதா என்பது ஏஜென்டின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பெயர் ஒத்திருக்கிறது என்று பழைய கணக்கோடு தானாக இணைக்கக் கூடாது. கணக்கு விவரம் தேவைப்படும் கேள்வியாக இருந்தால், பதிவில் உள்ள போன் எண்ணுக்கோ முகவரிக்கோ தகவல் அனுப்பி உறுதி செய்துகொண்டு பேச வேண்டும். அந்தப் பதிவையே திருடன் மாற்றிவிட்டான் என்பது புகாரானால், மாற்றத்துக்கு முன்பிருந்த விவரங்களைக் கொண்டு சரிபார்க்க ஒரு மூத்த ஏஜென்டிடம் போக வேண்டும். இவை எதற்கும் புது மென்பொருள் வேண்டாம். கையிலிருக்கும் மென்பொருளிலேயே விதிகளை மாற்றி எழுதினால் போதும்.

உலகத்தின் புகார்களை வாங்கும் மென்பொருளில் கணிசமானது நம் ஊரில் உருவாகிறது. ஃப்ரெஷ்டெஸ்க் 2010-இல் சென்னையில் பிறந்தது. ஸோஹோவும் இங்கே வேரூன்றியதுதான். அவற்றின் அமைப்புப் பக்கங்களில் எதை டிக் செய்வது என்று முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் ஏராளம். அவர்களிடம்தான் இதைக் கேட்கிறேன். மேலாளர் சொன்னார், முன்பிருந்தவர் வைத்துவிட்டுப் போனார் என்று அந்த அமைப்பை அப்படியே விடாதீர்கள். இன்று வேலைக்குப் போனதும், நிறுத்திவைக்கப்பட்ட மெயில்களின் பட்டியலைத் திறந்து, ஸ்பாமை ஒதுக்கிவிட்டு, மற்றதை ஒவ்வொன்றாகப் படியுங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம். ஜென்டெஸ்க்கில் அந்தப் பட்டியலில் கிடக்கும் மெயில் 14 நாளில் தானாகவே அழிந்துவிடும்.